பிள்ளைகள் ஆண்ட நான்கு நாடுகள்

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மைச் சற்றே திகைக்க வைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தாய் ஒருவர் எழுதியிருந்தார். "பதினொன்றாம் வகுப்பு முடித்த என் மகன் நள்ளிரவு வரையில் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். என்னடா செய்கிறாய் என்று கேட்டால், 'அம்மா, நான் ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருக்கிறேன்' என்கிறான். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் இரண்டு குடம் பிடித்து வை என்றால் அசைவதில்லை. நாட்டை மட்டும் ஆள்கிறானாம். இவனை என்ன செய்வது?" என்பது அவர் கேள்வி.

விடை எழுதுவதினும் நேரில் கண்டு வருவதே நன்று என எண்ணினோம். அவ்வூர் நமக்கு எட்டாத தொலைவும் அன்று. அறிவுரை கூற வந்த பெரியவர் என்று கருதிய அப்பிள்ளை, முகத்தை இறுக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றான். "உன் நாட்டின் பெயர் என்ன தம்பி?" என்று கேட்டோம். அவ்வளவே. இறுக்கம் கலைந்தது. உள்ளே ஓடிச்சென்று இருநூறு பக்கக் குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்து நம் மடியில் வைத்தான்.

"பிறர் செய்த விளையாட்டை ஆடி அலுத்துவிட்டது ஐயா. நானே ஒன்று செய்து பார்க்கிறேன். ஆளுக்கொரு நாடு, எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஆட வேண்டும். ஆனால் எழுத எழுத வளர்ந்துகொண்டே போகிறது, ஆட முடியவில்லை" என்றான்.

ஏட்டைப் புரட்டினோம். பதினான்கு வகைச் செல்வங்கள், முப்பத்திரண்டு வகைப் படைகள், ஒவ்வொன்றுக்கும் கூட்டலும் பெருக்கலும். நாட்டின் படம் மட்டும் எங்கும் இல்லை. பிள்ளையின் உழைப்பைக் கண்டு நமக்கு மதிப்பே உண்டாயிற்று. கைப்பேசியைப் பிடுங்கி வைக்குமாறு கூறச் சென்ற நாம், மறுநாள் காலையும் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

அரசர்களை வைத்து ஆடுவது புதிய பழக்கம் அன்று. கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, நம் நாட்டில் நால்வர் கூடி ஆடும் சதுரங்கத்தைக் கண்டு விவரித்திருக்கிறார். பலகையின் நான்கு மூலைகளிலும் நான்கு அரசர். எந்தக் காய் நகர வேண்டும் என்பதைப் பகடை கூறும். இருவர் ஆடும் சதுரங்கத்தில் எதிரி யார் என்பதில் ஐயமில்லை. நால்வர் கூடிவிட்டாலோ, இன்று எனக்கு எதிரி யார், நாளை யார் என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. நம் ஊர்த் திண்ணைகளில் கோடு கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டமும் ஒன்றைக் கற்பிக்கிறது. புலி மூன்று, ஆடு பதினைந்து. இரு தரப்பும் ஒரே வலிமையுடன் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் தனக்கென ஒரு வழி இருந்தால் போதும் என்பதை அந்த ஆட்டத்தை வகுத்தவர் அறிந்திருந்தார்.

அமெரிக்காவில் ஆலன் கால்ஹாமர் என்பவர், 1954-ஆம் ஆண்டில் 'டிப்ளமசி' என்றொரு விளையாட்டை அமைத்தார். 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பாவே களம். ஏழு வல்லரசுகளை ஏழு பேர் ஆள்வர். இதில் பகடை இல்லை. முதலில் பேச்சு, யார் யாருடனும் ஒதுங்கி நின்று உடன்படிக்கை செய்துகொள்ளலாம். பிறகு ஒவ்வொருவரும் தம் ஆணையை மறைவாக எழுதுவர்; எல்லா ஆணைகளும் ஒரே நேரத்தில் படிக்கப்படும். தந்த வாக்கைக் காத்தாரா, கைவிட்டாரா என்பது அப்போதுதான் வெளிப்படும். வெளியிட முன்வருவார் இல்லாமையால் 1959-இல் தாமே ஐந்நூறு படிகள் செய்து விற்றார். 1963 முதல் அதனை அஞ்சல் வழியே ஆடத் தொடங்கினர். ஊர் ஊராக இருந்த ஆட்டக்காரர்கள் தம் ஆணைகளை மடலில் எழுதி அனுப்புவர். கால்ஹாமரும் பின்னாளில் அஞ்சல்காரராகவே வேலை பார்த்து, 2013-இல் மறைந்தார் என்பது நம்மைப் புன்னகைக்கச் செய்யும் செய்தி.

அதிலிருந்து தம்பி எடுத்துக்கொண்டது ஒன்றே: ஆணைகள் ஒரே நேரத்தில் திறக்கப்பட வேண்டும். ஒருவர் ஆடி முடிக்கும் வரையில் மற்றவர் கொட்டாவி விட்டுக் காத்திருக்கும் தொல்லை அதனால் தீர்கிறது. உரக்கப் பேசும் பிள்ளையும் கூச்சமுள்ள பிள்ளையும் ஒரே அளவு தாளில் எழுத வேண்டியிருப்பதும் நல்லதே.

"ஐரோப்பாவை விடு. நீ நிற்கும் மண்ணே அத்தகைய பலகையாக இருந்தது தெரியுமா?" என்று கேட்டோம். தெரியாது என்றான். பள்ளியில் பானிப்பட்டுப் போர்கள் மூன்றையும் ஆண்டுகளோடு ஒப்புவிக்கும் பிள்ளைக்குத் தன் ஊரின் வரலாறு தெரியாமற்போனது அவன் குற்றம் அன்று.

புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் நாடு 1,200 சதுர மைலுக்கும் குறைவானது. வற்றாத ஆறு ஒன்றும் அதில் ஓடவில்லை. கிழக்கே காவிரி நீர் பாயும் தஞ்சை மராத்தியர். தெற்கே இராமநாதபுரம், சிவகங்கை. வடக்கே நவாபின் திருச்சிராப்பள்ளி. இத்தனை பேருக்கு நடுவே அது நிலைத்தது படைவலியால் அன்று. யாருடன் எப்போது நிற்பது என்ற கணக்கினால். 1751-52-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது, தொண்டைமான் முகமது அலியின் பக்கமும் ஆங்கிலேயர் பக்கமும் நின்று தானியமும் ஆளும் உதவினார். ஐதர் அலியின் படையெடுப்பிலும் அதே பக்கம். 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டை எல்லைக்குள் பிடிபட்டுக் கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1803-இல் தொண்டைமான் தம் பணிகளுக்குக் கைம்மாறாகக் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் கேட்டுப் பெற்றார். இவ்வாறாக, இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் முழுமையாக அமைந்திருந்த ஒரே சமஸ்தானமாக அது நீடித்து, 1948 மார்ச் 3-இல் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. தனி மாவட்டம் ஆனது 1974-இல்.

தம்பி வாய் திறவாமல் கேட்டான். பிறகு, "அப்படியானால் படம் நம் ஊர்ப் படமாகவே இருக்கட்டும் ஐயா" என்றான். அன்று மாலையே பங்கின் பழைய பள்ளிக் கூடத்தில் தரையில் பெரிய தாள் விரித்தோம்.

நம் மாவட்டத்தின் படம் வரைய வேண்டுமாயின் கண்மாயில்தான் தொடங்க வேண்டும். ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏந்தல்களும் கொண்ட நிலம் இது. மேட்டுக் கண்மாய் நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கலிங்கின் மேல் ஒரு வரிசைக் கல்லை ஏற்றி வைத்தால் மேலூருக்கு ஒரு போகம் உறுதி. கீழூருக்கு அந்த ஆண்டு பஞ்சம். எத்தனை ஊர்ப் பகை, எத்தனை வழக்கு இந்த ஒரு வரிசைக் கல்லினால்! நாடுகள் ஒன்றையொன்று ஏன் சார்ந்து நிற்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் எளிய வழி நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே நான்கு நாடுகள் பிறந்தன: மேல்நாடு, நடுநாடு, கீழ்நாடு, கடல்நாடு. புளியங்கொட்டையே தண்ணீர். ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட வேண்டும்; மல்லாந்து விழும் ஒவ்வொரு சோழிக்கும் பத்துக் கொட்டை மழை. மேல்நாட்டுக் கண்மாயில் இருபதுக்கு மேல் நில்லாது, மிகுந்தது நடுநாட்டுக்கு, அங்கும் இருபது போக மீதியே கீழ்நாட்டுக்கு. கலிங்கில் ஒரு கல் ஏற்றினால் ஐந்து கொட்டை கூடுதலாகத் தேக்கலாம். கடல்நாட்டில் நெல் இல்லை. மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் போல உப்பும் மீனும் உண்டு. அந்த உப்பு வண்டி கீழ்நாட்டின் வழியாக அன்றி மேலே ஏற முடியாது. தண்ணீரில் கடைசியாக நிற்கும் கீழ்நாடு, பாதையில் முதலாக நிற்கிறது. ஆடுபுலி ஆட்டத்திற்குச் செலுத்திய வணக்கம் எனக் கொள்க.

பதினான்கு செல்வங்களை ஐந்தாகக் குறைக்கத் தம்பியிடம் பெரும் போராட்டம் நடத்தினோம். தண்ணீர், நெல், உப்பு, காசு, குடி. குதிரைப்படையை நீக்கியபோது அவன் கண் கலங்கியதைக் கண்டோம். ஆயினும், கணக்கு எழுதும் நேரம் பேச்சு நடத்தும் நேரத்தை விழுங்கிவிட்டால் எவரும் இரண்டாம் நாள் வரமாட்டார்கள் என்பதை அவனே ஒப்பினான். படைக்குத் தனி ஆள் கிடையாது. ஒரு குடியை வயலிலிருந்து எடுத்தால் ஒரு வீரன். அவன் போருக்குப் போனால் அவன் வயல் தரிசு. காசுக்கு மட்டும் அவன் விருப்பப்படி பழைய 'அம்மன் காசு' என்ற பெயரை வைத்தோம். புதுக்கோட்டை தனக்கென அடித்துவந்த செப்புக் காசு அது. தாத்தா ஒருவர் வீட்டுப் பெட்டியில் இன்னும் இரண்டு வைத்திருந்தார்.

விடுமுறைக்கு வீட்டிலிருந்த பிள்ளைகள் பதினாறு பேர் வந்தனர். நாட்டுக்கு நால்வர். காலையில் தூதும் பேச்சும். மாலை ஐந்து மணிக்குள் ஆணையை எழுதிப் பெட்டியில் இட வேண்டும். அந்தச் சீட்டுக்கு 'ஓலை' என்று பெயர். ஐந்து மணிக்குப் பெட்டி திறக்கப்படும். கணக்கேடு தம்பியிடம், கணக்கேடு வைத்திருப்பவனுக்கு நாடு கிடையாது என்பது முதல் விதி.

முதல் ஆட்டம் மூன்றே நாளில் கெட்டது. இதனை மறைப்பானேன்? மூன்று சோழி மல்லாந்த ஆண்டில் மேல்நாடு இரண்டு கல் ஏற்றி, முப்பது கொட்டையையும் தானே வைத்துக்கொண்டது. நடுநாட்டு அரசன் மேல்நாட்டு அரசனின் உயிர் நண்பன். இருவரும் ஒரே மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்பவர்கள். கல் ஏற்றுவதில்லை என்று காலையில் கையடித்துச் சொல்லியிருந்தானாம். ஓலை படிக்கப்பட்டபோது கூடம் அமைதியாயிற்று. மறுநாள் நடுநாடும் கடல்நாடும் கூடிப் படையெடுத்தன; வழி விட மறுத்த கீழ்நாடு முதலில் அழிந்தது; அடுத்து நடுநாடும் அழிந்தது. தோற்ற எட்டுப் பிள்ளைகளும் சுவரோரம் குந்திக் கூழாங்கல் ஆடினர். வென்றவர்களுக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான்காம் நாள் வந்தவர் ஆறு பேர்.

மிதிவண்டியில் ஒருவன் மட்டும் போனான். நடுநாட்டு அரசனின் தந்தை நம்மைத் தேடி வந்து, "விளையாட்டு என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு வாக்குத் தவறக் கற்றுக் கொடுக்கிறீர்களே, இது முறையா?" என்று கேட்டார். அவருக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. விளையாட்டில் சொன்ன பொய் பொய்யாகுமா? நாடகத்தில் யூதாசாக நடிப்பவனை நாம் குற்றம் கூறுவதில்லை. ஆயினும் நாடகத்தில் யூதாசு என்ன செய்வான் என்பதை எல்லாரும் அறிவர். இங்கோ கையடித்துக் கொடுத்த பிள்ளையை மற்றவன் மெய்யாகவே நம்பினான். கால்ஹாமரின் விளையாட்டு உலகெங்கும் நட்பைப் பிரிக்கும் விளையாட்டு என்று பெயர் வாங்கியதும் இதனாலேயே.

அன்று மாலை பிள்ளைகளிடம் கட்டபொம்மன் செய்தியை எடுத்து வைத்தோம். தொண்டைமான் செய்தது துரோகமா? கூட்டாளிக்குத் தந்த வாக்கைக் காத்தது ஆகாதா? பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி. "அவருக்கு வேறு வழி இல்லை, சிறிய நாடு" என்றான் ஒருவன். "சிறிய நாட்டுக்காரன் என்றால் அடைக்கலமாக வந்தவரைப் பிடித்துக் கொடுக்கலாமா?" என்றாள் ஒருத்தி. நம் கருத்தைக் கேட்டார்கள். வரலாற்றில் அம்முடிவை எடுத்தவருக்குத் தம் நாடு எஞ்சியது. நாட்டுப்புறப் பாடலும் மேடையும் திரைப்படமும் போற்றியது தூக்கில் தொங்கியவரை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணிக்கை இட நமக்குத் துணிவில்லை என்றோம். விளையாட்டிலும் வாக்குத் தவறுவதைத் தடை செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டாம் என்று முடிவாயிற்று. தந்த வாக்குகள் எல்லாம் இனி ஒரு தனி ஏட்டில் எழுதப்படும். யார் வேண்டுமானாலும் அதனைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆட்டத்தை உயிர்ப்பித்தது இவை எதுவும் அன்று. அழிந்துபோன கீழ்நாட்டின் அமைச்சராக இருந்த, எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். "ஐயா, எங்கள் ராஜாதானே போனார்? எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள் அல்லவா? நாங்கள் அவர்களாக ஆடலாமா?" என்று கேட்டாள்.

தம்பி நம்மைப் பார்த்தான்; நாம் தம்பியைப் பார்த்தோம். இருநூறு பக்கம் எழுதியவனும், அதனைத் திருத்த வந்த நாமும் குடிகளைக் கொட்டைக் கணக்காகவே வைத்திருந்தோம். நாட்டை ஆளும் விளையாட்டில் ஆளப்படுபவர் எவரும் இல்லை! அரசர்கள் ஒருவரையொருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்கள் நிலம் பிடிப்பதன்றி வேறு என்ன செய்வார்கள்?

கீழாநிலையைப் பற்றி மேலே கூறினோம் அல்லவா? அக்கொடையை இங்கிலாந்திலிருந்த கும்பினி இயக்குநர்கள் உறுதி செய்தபோது இரண்டு நிபந்தனைகள் இட்டனர். அந்நிலத்தைத் தொண்டைமான் பிறர்க்கு உரிமை மாற்றலாகாது என்பது ஒன்று. மற்றொன்று, அங்குள்ள மக்கள் கொடிய ஆட்சியின் கீழ்த் துன்புறுகின்றனர் என்பது மெய்ப்பிக்கப்பட்டால் அந்நிலம் கும்பினிக்கே திரும்பும் என்பது. இதனைக் கும்பினியாரின் இரக்கம் என்று நாம் கருதவில்லை; அவர்கள் தம் ஆளுகையில் இருந்த மக்களை எப்படி நடத்தினர் என்பது தெரிந்ததே. ஆயினும் இரு அரசுகளுக்கு இடையேயான ஏட்டில், மூன்றாவதாகக் குடிகளும் ஒரு வரியில் நுழைந்துவிட்டனர். புதுக்கோட்டையில் 1902-இல் பிரதிநிதி சபையும் 1924-இல் சட்டசபையும் தோன்றிய பிறகே அவர்களுக்கு ஓரளவேனும் வாய் கிடைத்தது.

புதிய விதிகளைப் பிள்ளைகளே எழுதினர். நாடு இழந்தவர் வீட்டுக்குப் போவதில்லை, குடியாவார். ஒவ்வொரு குடிக்கும் ஒரு பெயரும் ஒரு வயலும் உண்டு. குடிகளும் பெட்டியில் ஓலை இடலாம். வரி மிகுந்தால் கொடாதிருக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த நாட்டுக்குக் குடிபெயரலாம். அவர்கள் பெயர்ந்தால் அவர்கள் வயலின் நெல்லும் பெயரும். இரண்டாம் ஆட்டத்தில் தொடக்கத்திலேயே எட்டுப் பேர் அரசுக்கும் எட்டுப் பேர் குடிக்கும் சீட்டுக் குலுக்கிப் பிரிந்தனர். முதலில் குடியாக எவருக்கும் விருப்பமில்லை. இரண்டு நாளில் நிலைமை மாறிற்று; குடிகள் கூடிப் பேசும் மூலையில்தான் சிரிப்பு மிகுதியாகக் கேட்டது.

வரி வாங்கும் முறையையும் இரண்டாகப் பிரித்தோம். பழைய சமஸ்தானத்தில் 'அமானி' என்றொரு முறை இருந்தது. விளைச்சலை அரசும் உழவரும் பங்கிட்டுக்கொள்வது. அரசின் ஆள் வந்து அளக்கும் வரையில் உழவன் தன் கதிரைத் தொடக்கூடாது. 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார், அதனை ஒழித்துப் பணமாகச் செலுத்தும் நிலையான தீர்வையைக் கொண்டுவந்தார். நகரும் அவர் காலத்தில் திருத்தி அமைக்கப்பட்டது. நடுநாடு பங்கு முறையையும் மேல்நாடு நிலைத் தீர்வையையும் தேர்ந்தெடுத்தன. மழை பொய்த்த ஆண்டில் நிலைத் தீர்வை குடியின் கழுத்தை நெரித்தது. மழை பெய்த ஆண்டில் பங்கு முறையில் நெல் களத்திலேயே மறைந்தது. ஆம், குடிகள் மறைத்தார்கள். ஒரு குடி தன் நெல்லில் பாதியைப் புளியங்கொட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்ததைத் தம்பி கண்டுபிடித்தான். ஆளப்படுபவர் எல்லாரும் புனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொரு விதியை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்தோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜான் ஹன்டர் என்ற பள்ளி ஆசிரியர், 1978 முதல் 'உலக அமைதி விளையாட்டு' என்ற ஒன்றைத் தம் மாணவர்களுக்கு நடத்தினார். இளமையில் இந்தியாவிலும் சுற்றி, காந்தியடிகளின் வழியால் கவரப்பட்டவர். முதலில் ஒரு பலகையில் தொடங்கிய அவ்விளையாட்டு, பின்பு கடலடி, நிலம், வானம், விண்வெளி என நான்கு அடுக்குக் கண்ணாடிபோன்ற மேடையாக வளர்ந்தது. செல்வ நாடும் ஏழை நாடுமாக நான்கு நாடுகள். ஒன்றோடொன்று பின்னிய ஐம்பது சிக்கல்கள். எல்லாச் சிக்கலும் தீர்ந்து, எல்லா நாடுகளின் செல்வமும் தொடக்கத்தினும் உயர்ந்திருந்தால்தான் ஆட்டம் வெற்றி. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதில் நம் மனத்தைத் தைத்தது ஒரு சிறு விதி. போர் தொடுத்தவன், இறந்துபட்ட கற்பனை வீரனின் பெற்றோருக்குத் தன் கைப்பட மடல் எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கூறி ஆறுதல் சொல்ல வேண்டும்.

இதனைத் தம் பங்கில் நடத்த விரும்பும் இளையோர் குழுவினர்க்குச் சில சொற்கள். செலவு மிகக் குறைவு; ஒரு பெரிய தாள், சோழி ஆறு, ஒரு படி புளியங்கொட்டை, பூட்டுள்ள பெட்டி, இரண்டு குறிப்பேடுகள். கண்மாய் இல்லாத ஊராயின் வேறொன்றைப் பிடித்துக்கொள்க. கடற்கரையில் மீன்பாடு, மலையில் காடு என எது பகிர்ந்தாலன்றித் தீர்ந்துபோகுமோ அது. பெரியவர்கள் நாடு எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் ஒருநாள் கடல்நாட்டுக்கு அறிவுரை கூறப் போய், இரண்டு தரப்பிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பள்ளி திறந்த பின் ஆட்டம் சனிக்கிழமைகளில் மட்டும் தொடர்ந்தது. சென்ற மாதம் நாம் போயிருந்தபோது ஆட்டத்தின் ஒன்பதாம் ஆண்டு. மேல்நாட்டு அரசன், முன்பு கையடித்து வாக்குத் தவறிய அதே பிள்ளை, மறுபடியும் கலிங்கில் இரண்டு கல் ஏற்றி, அதனைக் காக்கப் படையும் அனுப்பியிருந்தான். மூன்று குடிகள் மாண்டன. மூன்று மடல்கள் எழுத வேண்டும். முதல் மடலை விரைந்து எழுதினான். வீரம், தியாகம், நாடு என்று சொற்கள் தாராளமாக விழுந்தன. இரண்டாம் மடல், குடியாக ஆடிக்கொண்டிருந்த அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியின் வீட்டுக்கு. அவள் விதவையாக அமர்ந்து அதனைக் கூடத்தின் நடுவே உரக்கப் படித்தாள். படித்து முடித்து, "மகாராஜா, எங்கள் வயல் நான்கு ஆண்டாகக் காய்கிறது. தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறது. எங்களுக்கு மடை திறக்கவில்லை. அவர் காக்கப் போனது யாருடைய தண்ணீரை?" என்று கேட்டாள்.

சிறுமி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவனும் சிரித்துக்கொண்டே விடை சொல்லத் தொடங்கினான், பாதியில் நின்றுவிட்டான். ஐந்து மணி ஆயிற்று. பெட்டியைத் திறந்தபோது மேல்நாட்டு ஓலையில் ஒரு வரி இருந்தது: ஒரு கல்லை எடுத்துவிடுக. நடுநாட்டு அரசன் தன் கண்மாயில் வந்து விழுந்த ஐந்து கொட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, வாக்குகள் எழுதும் ஏட்டைக் கேட்டு வாங்கினான்.

தம்பி கணக்கேட்டை மூடியதும் அவனுடைய தாய் வாயிலில் வந்து நின்றார். குழாயில் தண்ணீர் வரும் நேரமாம். பிள்ளை எழுந்து போனான். முழுமனத்தோடு போனான் என்று நாம் எழுத மாட்டோம், போனான். மற்றப் பிள்ளைகள் சோழிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டனர். மேல்நாட்டு அரசன் மட்டும் எழுதப்படாத மூன்றாம் மடலின் தாளோடு தூணருகே உட்கார்ந்திருந்தான். கலிங்கில் இன்னும் ஒரு கல் இருக்கிறது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகவே நாம் புறப்பட்டோம்.